வாவியில் பாடும் மீனுக்குத் தெரியுமா, தான் பாடுவது?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நம் மட்டக்களப்பை "மீன்பாடும் தேன்நாடு" என்று சொல்லாத மேடைப் பேச்சே இல்லை. பாடசாலை விழாவிலும் சொல்கிறோம், விளையாட்டுக் கழகத்துப் பதாகையிலும் எழுதுகிறோம். ஆனால் "பாடுகிறது" என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. துருப்பிடித்த கதவும் சத்தம் போடும். கதவுக்கு அது தெரியாது, நோவதும் இல்லை. வாவிக்குள்ளிருந்து சத்தம் போடுகிற அந்தச் சீவன் கதவைப் போன்றதா, நம்மைப் போன்றதா? அதற்குள்ளே யாரும் இருக்கிறார்களா?

இதைத்தான் விஞ்ஞானம் நனவு என்ற தலைப்பில் ஆராய்கிறது. ஊரில் நாம் நினைவு என்போம். "நினைவில்லாமக் கிடக்கான்", "நினைவு திரும்பிட்டு" என்று ஆஸ்பத்திரி வாசலில் பேசிக்கொள்கிறோமே, அந்த நினைவு. வலித்தால் வலிக்கிறது என்று உள்ளே ஒருவருக்குத் தெரிவது. இந்த ஆராய்ச்சியின் வரலாற்றை நம் வாவியிலிருந்தே தொடங்கிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

*தோணியில் காது வைத்த துரை*

1848 செப்டெம்பர். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ட் மட்டக்களப்புக்கு வருகிறார். வாவியில் இசை கேட்கிறது என்ற கதையை அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். மீனவர்களிடம் விசாரித்தார். கதை உண்மைதான் என்றார்கள். கோடையில்தான் கேட்கும், மழை பெய்து வெள்ளம் வந்தால் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள். அதோடு, இது மீன் இல்லை, ஊரி என்றார்கள். கத்துகிற ஊரி என்று பொருள்படும் ஒரு தமிழ்ப் பெயரையும் சொல்லி, ஊரிகளைப் பிடித்தும் காட்டினார்கள்.

அன்றிரவே நிலா வெளிச்சத்தில், காற்றே இல்லாத நேரத்தில், கோட்டைக்கு அருகே தோணியில் போனார். சத்தம் கேட்டது. ஒரே சத்தமாக அல்ல, சின்னச் சின்னதாய், ஒவ்வொன்றும் தனித்தனியாக. தோணியின் மரத்தில் காதை வைத்ததும் அது பெரிதாகக் கேட்டது. தோணி நகர நகர ஓரிடத்தில் கூடியது, இன்னோரிடத்தில் நின்றேவிட்டது. ஆகவே சத்தம் போடுவது ஓரிடத்தில் இருந்துகொண்டே போடுகிறது என்று கணித்தார். 1859 இல் வெளிவந்த இலங்கை பற்றிய தன் நூலில் இதை எழுதினார். அதிலிருந்து நம் வாவி உலகத்துக்குத் தெரிய வந்தது.

அதன் பிறகு எத்தனையோ பேர் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்கு வந்தார்கள். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைத்துக் கேட்பது நம் மீனவர்களின் பழைய வழி. கத்தோலிக்கக் குருவானவர் அருட்தந்தை லாங் எடுத்த ஒலிப்பதிவு 1960களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது.

இவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: சத்தம் எங்கிருந்து வருகிறது? மீனா, ஊரியா? இன்றுவரை இந்த வழக்குக்கு முடிவான தீர்ப்பு இல்லை. சத்தம் போடுகிற சீவனுக்கு அது தெரியுமா என்பது அந்தக் காலத்து விஞ்ஞானத்தில் கேள்வியாகவே எழவில்லை. காரணம், அதைக் கேட்பதற்கு வழி எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

*ஆட்டுக்கு ஓநாயைக் கண்டால்*

வழி இல்லாவிட்டாலும் கேள்வி பழையது. நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த இப்னு சீனா (980–1037) இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். ஓநாயைப் பார்த்த ஆடு ஏன் ஓடுகிறது? ஆட்டின் கண்ணுக்குத் தெரிவது நிறமும் உருவமும்தான். "இது எனக்குப் பகை" என்பது கண்ணில் தெரிகிற ஒன்றல்ல. ஆகவே ஐம்புலன்களுக்கு மேலே, ஒன்றின் அர்த்தத்தைப் பிடித்துக்கொள்கிற ஓர் ஆற்றல் மிருகங்களுக்கும் உண்டு என்று அவர் வாதிட்டார். அதற்கு 'வஹ்ம்' என்று பெயர் வைத்தார். பகுத்தறிவு மனிதனுக்கு மட்டும் உரியது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் பயம், பகை, பாசம் ஆகியவற்றை அறிவதில் அவர் மிருகங்களை ஒதுக்கிவிடவில்லை.

மனிதனைப் பற்றி அவர் சொன்ன 'பறக்கும் மனிதன்' உதாரணமும் புகழ்பெற்றது. ஒருவன் முழு வளர்ச்சியோடு வெற்றிடத்தில் படைக்கப்படுகிறான். கண் மறைக்கப்பட்டிருக்கிறது. கை காலை, தன் கை கால்கூடத் தொடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அப்போதும் "நான் இருக்கிறேன்" என்பது அவனுக்குத் தெரியுமா? தெரியும் என்றார் இப்னு சீனா. ஆயிரம் வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் இந்தக் கேள்வி திரும்பி வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

அவருக்குச் சற்று முன், 10 ஆம் நூற்றாண்டு பஸராவில் இஹ்வானுஸ் ஸஃபா என்ற அறிஞர் குழு, மிருகங்கள் மனிதர்கள் மீது வழக்குத் தொடர்வதாக ஒரு நீண்ட கதையே எழுதியது. நீதிபதி ஜின்களின் அரசர். வாதிகள் கழுதை, ஆடு, பறவை எல்லாம்.

ஐரோப்பாவில் பாதை வேறு பக்கம் திரும்பியது. பிரான்சின் டேக்கார்ட் 1637 இல் வெளியிட்ட நூலில் மிருகங்களை மணிக்கூட்டைப் போன்ற இயந்திரங்களாக விளக்கினார். பேச்சும் பகுத்தறிவும் இல்லாததே அவர் காட்டிய சான்று. அவர் வழி வந்தவர்களில் சிலர், அடிபட்ட நாயின் ஓலத்தையும் இயந்திரத்தின் கிறீச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். 1789 இல் ஆங்கிலேய அறிஞர் ஜெரமி பென்தம் இதற்கு எதிராக எழுதினார். பேசுமா, சிந்திக்குமா என்று பார்க்காமல், துன்பப்படுமா என்று பாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

*எண்ணத் தெரிந்த குதிரை*

19 ஆம் நூற்றாண்டில் டார்வின் வந்தார். மனிதனுக்கும் மிருகத்துக்கும் மனத்தளவில் உள்ள வேறுபாடு அளவில்தான் என்று 1871 இல் எழுதினார். அவருடைய நண்பர் ஜோர்ஜ் றொமானெஸ் 1882 இல் மிருகங்களின் புத்தியைப் பற்றி ஒரு நூலே போட்டார். ஆனால் அதில் பெரும்பகுதி கேட்ட கதை, யாரோ எழுதி அனுப்பிய கதை. இன்றைக்கு வாட்சப்பில் வருமே, "எஜமானைக் காப்பாற்றிய நாய்" என்று, அந்த மாதிரி. 1894 இல் லொயிட் மோர்கன் ஒரு கட்டுப்பாடு போட்டார்: எளிய காரணத்தால் விளக்கக்கூடிய ஒன்றுக்குப் பெரிய புத்தியைக் காரணமாகச் சொல்லாதீர்கள்.

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு தேவை என்பதை ஹான்ஸ் என்ற குதிரை காட்டியது. பேர்லினில் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் அதற்குக் கணக்குப் படிப்பித்திருந்தார். ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் காலை எட்டுத் தரம் தட்டும். நிபுணர் குழு வந்து பார்த்தது, ஏமாற்று எதுவும் இல்லை என்றது. பிறகு ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் நிதானமாகச் சோதித்து 1907 இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலையும் முகமும் தம்மை அறியாமலே சற்று அசைகின்றன. குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறது. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது புதினமே இல்லை. கரும்பலகையைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்த்தே விடை சொல்கிற ஹான்ஸ்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

குதிரைக்குக் கணக்குத் தெரியாதுதான். ஆனால் மனிதக் கண்ணுக்கே படாத அசைவை வாசிக்கிற திறமை சாதாரணமானதா? அந்தப் பக்கத்தை அன்று கவனித்தவர்கள் குறைவு. 1913 இல் அமெரிக்காவின் ஜோன் வட்சன், மனம், நனவு என்ற சொற்களையே விஞ்ஞானத்திலிருந்து தூக்கிப் போடுங்கள், வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் அளவுங்கள் என்றார். அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மிருகத்துக்கு உணர்வு உண்டா என்று கேட்ட விஞ்ஞானியைச் சக விஞ்ஞானிகளே சிரிப்பாகப் பார்த்தார்கள்.

*பொலன்னறுவைக் குரங்குகள் சொன்ன சேதி*

கதவு மெல்லத் திறந்தது வயல்களில், காடுகளில். அதில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான். கொழும்பு ரயிலில் போகும்போது தாண்டிப் போகிறோமே, பொலன்னறுவை, அங்கே. அந்தப் பழைய இடிபாடுகளுக்கு நடுவே வாழும் குரங்குகளை, சிங்களத்தில் ரிலவா என்பார்கள், வொல்ஃப்காங் டிட்டஸ் என்ற ஆய்வாளர் 1968 முதல் ஆராய்ந்து வந்தார். குட்டி, தாய், பாட்டி என்று தலைமுறை தலைமுறையாக ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டு பதிவு செய்த ஆய்வு அது. உலகில் மிக நீண்ட காலம் நடந்த குரங்கு ஆய்வுகளில் ஒன்று.

1984 இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிறையப் பழுத்த மரம் போன்ற நல்ல உணவு கிடைக்கும்போது இந்தக் குரங்குகள் ஒரு தனிச் சத்தம் எழுப்புகின்றன. தூரத்தில் உள்ள கூட்டம் அதைக் கேட்டு ஓடி வருகிறது. சத்தம் வெறும் பரபரப்பு அல்ல, "இங்கே சாப்பாடு இருக்கு" என்ற சேதியைக் கொண்டு போகிறது என்று அவர் காட்டினார். இதற்கு நான்கு வருடம் முன்பு, கென்யாவில் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒரு சத்தம், பாம்புக்கு ஒரு சத்தம் என்று வைத்திருப்பதை வேறு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள்.

இடையில் 1976 இல் டொனால்ட் கிரிஃபின் ஒரு நூல் எழுதினார். வௌவால் சத்தத்தின் எதிரொலியால் வழி கண்டுபிடிக்கிறது என்று 1940 அளவில் நிரூபித்தவர்களில் ஒருவர் இவர். அப்படிப்பட்டவரே மிருகங்களின் உணர்வைப் பற்றி விஞ்ஞானம் கேட்கத்தான் வேண்டும் என்று எழுதியபோது, சிரித்தவர்களுக்குச் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

*இனி மீனுக்கு வருவோம்*

1980களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே சௌசலிட்டோவில் படகு வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒரு கரைச்சல். கோடை இரவுகளில் தண்ணீருக்குள்ளிருந்து பெரிய ரீங்காரம். நித்திரை இல்லை. கழிவுநீர்ப் பம்பி என்றார்கள், கடற்படையின் இரகசிய வேலை என்றார்கள். கடைசியில் பார்த்தால், தேரை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மீன். கல்லுக்கடியில் கூடு வைத்த ஆண் மீன், காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசையை ஒரு விநாடிக்கு நூறு தரமளவில் துடிக்கவைத்து, பெண் மீனைக் கூப்பிடுகிறது. நம் வாவியில் பாடுவதும் இதே குடும்பத்து மீனாக இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு.

கோர்ணெல் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பாஸும் அவருடைய குழுவினரும் இந்த அமெரிக்க மீனை ஆராய்ந்து இரண்டு விடயங்களைக் கண்டார்கள். ஒன்று, இனப்பெருக்கக் காலத்தில் பெண் மீனின் காது, ஹோர்மோனால், ஆணின் பாட்டை நன்றாகப் பிடிக்கும்படி மாறுகிறது (2004). மற்றது, இந்த மீன் சத்தம் எழுப்பப் பயன்படுத்தும் மூளைப் பகுதியும், தவளை, பறவை, பாலூட்டிகளின் குரலை ஆளும் பகுதியும் மூளையில் ஒரே இடத்திலிருந்து வளர்பவை (2008). அதாவது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கேட்கும் குரலுக்கும் வாவிக்கடியில் கேட்கும் குரலுக்கும் மூளையில் அத்திவாரம் ஒன்று.

சத்தத்துக்கு அத்திவாரம் ஒன்று என்றால் வலிக்கும் ஒன்றா? ஸ்கொட்லாந்தில் லின் ஸ்னெடனும் சகாக்களும் 2003 இல் இதைச் சோதித்தார்கள். டிரவுட் மீன்களின் உதட்டில் சிலவற்றுக்குத் தேனீ விஷம், சிலவற்றுக்கு அசற்றிக் அமிலம், சிலவற்றுக்கு வெறும் உப்புநீர் ஏற்றினார்கள். விஷமும் அமிலமும் ஏற்றிய மீன்கள் உடலை ஆட்டின. அமிலம் ஏற்றியவை உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. திரும்பச் சாப்பிட மற்றவற்றைவிட இரண்டு மடங்களவு நேரம் எடுத்தன. டிரவுட் புதுப் பொருளைக் கண்டால் விலகும் சுபாவமுள்ள மீன். தொட்டிக்குள் லெகோ கட்டைகளால் ஒரு கோபுரம் வைத்தபோது, அமிலம் ஏற்றிய மீன்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மோர்ஃபின் கொடுத்ததும் பழையபடி விலகத் தொடங்கின. பல்வலியோடு பரீட்சை எழுதும் பிள்ளையைப் பாருங்கள். கேள்வித்தாள் கண்ணில் படும், கருத்தில் ஏறாது.

எல்லா விஞ்ஞானிகளும் இதை ஏற்கவில்லை. மனித மூளையின் மேற்பட்டை மீனுக்கு இல்லை, ஆகவே வலியை உணர முடியாது என்பது எதிர்த்தரப்பு வாதம். அதே அமைப்பு பறவைக்கும் இல்லையே, காகத்தின் புத்தியை என்ன செய்வது என்பது பதில். 2019 இல் ஜப்பானின் மசனோரி கோதா குழு இன்னொரு குழப்பத்தைப் போட்டது. நம் கடலின் பவளப்பாறைகளிலும் வாழ்கிற, மற்ற மீன்களின் உடலைச் சுத்தம் செய்கிற ஒரு சின்ன மீன். அதன் கழுத்துக்கடியில் புள்ளி வைத்துக் கண்ணாடியைக் காட்டினார்கள். நான்கில் மூன்று மீன்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தங்கள் கழுத்தைத் தரையில் தேய்த்தன. கண்ணாடிச் சோதனையை 1970 இல் உருவாக்கிய கோர்டன் கேலப்பே இதை ஏற்க மறுத்துவிட்டார். வாதம் தொடர்கிறது.

*"ஸேர், றால் துள்ளுறது நோவுலயா, சும்மாவா?"*

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி இது. வாப்பா வாவியில் வீச்சுவலை வீசுபவர். பாடநூலில் விடை இல்லை.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் றொபர்ட் எல்வுட் என்ற பேராசிரியர் பல வருடமாகக் கேட்டதும் இதே கேள்விதான். இறாலின் உணர்கொம்பில் அமிலம் தடவினார்கள். அது அந்தக் கொம்பை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்தது, தொட்டிச் சுவரில் தேய்த்தது. மரப்பு மருந்து தடவியபோது அது குறைந்தது (2007). கரையோர நண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்களைக் கொடுத்து, ஒன்றில் மட்டும் சிறு மின்னதிர்ச்சி வைத்தார்கள். சில தரங்களுக்குள் நண்டு மற்ற இடத்தைத் தேர்ந்துகொண்டது (2013). வெறும் அனிச்சை என்றால் அந்தக் கணத்தில் காலை இழுப்பதோடு முடிந்திருக்க வேண்டும். இது நினைவு வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறது.

2021 இல் லண்டன் பொருளியல் கல்லூரியின் ஜொனதன் பேர்ச் தலைமையிலான குழு 300 க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, நண்டு, இறால், கணவாய் வகைகளை உணர்வுள்ளவையாகக் கருத வேண்டும் என்று பிரித்தானிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. 2022 இல் அவையும் அங்கே விலங்கு உணர்வுச் சட்டத்துக்குள் வந்தன. சுவிற்சர்லாந்து, பெரிய கடல் இறால்களை மயக்காமல் உயிரோடு அவிப்பதை 2018 இலேயே தடைசெய்துவிட்டது. நம் நாட்டில் இருப்பது 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். வீட்டு விலங்கு, பிடித்து வைத்த விலங்கு, அடைபட்ட பறவை, மீன், ஊர்வன என்று அதன் வரைவிலக்கணம் போகிறது. நண்டும் இறாலும் பெயரளவிலும் இல்லை. அது விதித்த உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். பெல்ஃபாஸ்டின் ஆய்வு நடப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு எழுதிய சட்டம், அதில் குறை சொல்லிப் பயனில்லை. இன்றும் அப்படியே வைத்திருப்பதைத்தான் பேச வேண்டும்.

*பேச முடியாத மனிதர்*

மிருகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். மனிதரைப் பற்றியே நாம் எவ்வளவு தவறாக நினைத்திருந்தோம் என்பதற்கு இதைக் கேளுங்கள்.

2005 இல் பிரித்தானியாவில் 23 வயதுப் பெண் ஒருவருக்கு வீதி விபத்தில் மூளையில் பலத்த காயம். மாதக்கணக்கில் கண் திறந்திருக்கிறது, ஆனால் எதற்கும் பதில் இல்லை. உணர்வற்ற நிலை என்று வைத்தியர்கள் முடிவு செய்திருந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் என்ற ஆய்வாளர் அவரை மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் வைத்து, "டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்று சொன்னார். சுகதேகி ஒருவருக்கு அப்போது இயங்கும் அதே மூளைப் பகுதி இயங்கியது. "உங்கள் வீட்டு அறைகளுக்குள் நடந்து போவதாக நினையுங்கள்" என்றார். அதற்குரிய பகுதி இயங்கியது. 2006 இல் இது வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. இப்னு சீனாவின் பறக்கும் மனிதன் கட்டிலில் கிடந்தான், யாரும் கேட்கவில்லை. 2010 இல் இன்னொரு நோயாளி, ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு என்ற முறையில் கேள்விகளுக்குப் பதிலே சொன்னார். 2024 இல் பல நாடுகளில் நடந்த ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் காட்டாத 241 நோயாளிகளில் 60 பேரின் மூளை, சொன்னதைப் பின்பற்றியது. நான்கில் ஒருவர்.

நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் விபத்தில் நினைவில்லாமல் கிடக்கும் பிள்ளையின் காதருகே உம்மா இருந்து யாசீன் ஓதுவார். "அவனுக்குக் கேக்குது" என்பார். சுற்றி நிற்பவர்கள் பரிதாபமாகப் பார்ப்போம். எல்லா நோயாளிக்கும் கேட்கிறது என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. நான்கில் மூன்று பேரிடம் இந்தச் சோதனையிலும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டிலின் தலைமாட்டில் நின்று, "இனி இவன் தப்பமாட்டான்", "காணி யாருக்கு" என்று பேசுகிறவர்கள் இனியாவது வெளியே போய்ப் பேசட்டும்.

*இன்று எங்கே நிற்கிறோம்*

2012 ஜூலை 7 ஆம் திகதி கேம்பிரிட்ஜில் கூடிய மூளை விஞ்ஞானிகள் ஒரு பிரகடனம் செய்தார்கள். நனவை உண்டாக்கும் மூளை அமைப்பு மனிதனுக்கு மட்டும் உரியதல்ல, பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் பேய்க்கணவாய்க்கும் உண்டு என்றார்கள். மீனின் பெயர் அதில் இல்லை. 2024 ஏப்ரலில் நியூயோர்க்கில் வந்த அடுத்த பிரகடனத்தில் மீனும் வந்தது, நண்டு, இறாலும் வந்தன, பூச்சிகளும் வந்தன. கவனமாகப் படித்தால், பாலூட்டி, பறவைக்கு வலுவான ஆதாரம் உண்டு என்கிறது. மற்றவற்றுக்கு, உணர்வு இருக்க உண்மையான சாத்தியம் உண்டு என்று மட்டும் சொல்கிறது. அந்தச் சாத்தியத்தைக் கணக்கில் எடுக்காமல் முடிவெடுப்பது பொறுப்பற்றது என்கிறது. நனவு மூளையிலிருந்து எப்படி உண்டாகிறது என்பதற்கு யாரிடமும் முடிந்த விடை இல்லை. 25 வருடத்தில் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998 இல் பந்தயம் கட்டிய கிறிஸ்டோஃப் கோக், 2023 இல் தோல்வியை ஏற்றுப் போத்தலைக் கொடுத்துவிட்டார். ரூஹ் பற்றி விஞ்ஞானம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று யாரும் இந்தப் பதிவைக் காட்டி வாதாட வேண்டாம்.

இந்த வரலாற்றில் நான் காண்பது இதுதான். டேக்கார்ட் காலத்திலிருந்து இன்றுவரை, பதில் வராததை "உணர்வில்லை" என்று நாம் எழுதிக்கொண்டோம். கேட்கத் தெரிந்தபோதெல்லாம் பதில் வந்திருக்கிறது. கேள்வி கேட்கும் முறை மாறியதும் குரங்கு, மீன், நண்டு, கட்டிலில் கிடந்த பெண் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் நீண்டது. ஹான்ஸ் குதிரை போல நாம் ஏமாந்த இடங்களும் உண்டு, அதனால் சோதனை கறாராக இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கும்வரை என்ன செய்வது என்பது நம் கையில்.

நம் மார்க்கம் இதில் நமக்கு முன்கூட்டியே ஒரு பாதை காட்டியிருக்கிறது. பூமியில் உலவும் சீவன்களும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்து சூரா அல்அன்ஆம் 38 ஆம் வசனத்தில் வருகிறது. அறுக்கும்போது கத்தியைக் கூர்மையாக்கி, பிராணியின் வேதனையைக் குறைக்கச் சொன்ன நபிமொழி எல்லோருக்கும் தெரியும். அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்ட வேண்டாம் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்குத் தெரியும் என்ற எடுகோள் அதற்குள் இருக்கிறது. நண்டு உண்ணலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது உலமாக்களின் துறை. உண்பவர்களும் விற்பவர்களும் எப்படிக் கையாள்கிறோம் என்பதே என் கேள்வி. உயிரோடு கொதிநீரில் போடுவதற்குப் பதிலாக, ஐஸ் கலந்த நீரில் முற்றாக மரத்துப்போகும் வரை வைத்துவிட்டு உடனடியாகக் கொல்லும்படி அவுஸ்திரேலியாவின் விலங்கு நல அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. ஐஸ் நம் மீன்வாடிகளில் எப்படியும் இருக்கிறது.

படுவான்கரையில் யானையால் உயிரை, பயிரை இழந்த குடும்பத்திடம் போய் யானையின் உணர்வைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு எழாது. முதலில் வேலியும் நட்டஈடும் போக வேண்டும். ஆனால் உணவுக்குள் வெடி வைத்து வாயைச் சிதறடிப்பது வேலி இல்லை. அந்த யானை நாட்கணக்கில் பட்டினியில் சாகிறது. அதற்குத் தெரிந்தே சாகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வாவியின் பாட்டை நேரில் கேட்ட மூத்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். உங்கள் வாப்பா, மூத்தவாப்பா, பக்கத்து ஊர்த் தமிழ் அண்ணன்மார், ஐயாமார் யாராவது கேட்டிருந்தால், எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், என்ன மாதிரிச் சத்தம், அதற்கு அவர்கள் சொன்ன பெயர் என்ன என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். குரலைக் கைத்தொலைபேசியில் பதிந்து அனுப்பினாலும் நல்லது. டெனன்ட் துரை ஒரே ஒரு இரவுதான் கேட்டார். நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். அவர்களிடம் இன்னும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.